கீழ்வீட்டுக்கு எந்தச் சூடு

இடது கால் தண்ணீரின் மேல் நிற்கிறது, வலது கால் கரண்டின் மேல் நிற்கிறது. இரண்டும் சுடுகிறது. இதில் எது நல்ல சூடு என்று நான் சொல்ல வேண்டுமாம். வீட்டு நிலத்துக்குச் சூடு போடுகிற இந்தக் கடையின் நடுவில், ஆட்கள் போய்வருகிற வழியில், இரண்டு சதுரம் கட்டி ஓடு பதித்து வைத்திருக்கிறார்கள். ஒன்றுக்குக் கீழே பைப்பை வளைத்து வளைத்துப் போட்டுச் சுடுதண்ணீர் விட்டிருக்கிறார்களாம், மற்றதுக்குக் கீழே வயர் ஓடுகிறதாம். சப்பாத்தைக் கழற்றி, சொக்ஸைக் கழற்றி, வெறுங்காலோடு ஏறி நில்லுங்கள், கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நன்றாகத் தெரியும் என்று கடைக்காரன் ஆர்னே சொன்னான். என் மகன் நிரோஜன் ஏறி நின்று தலையாட்டினான். மருமகள் தர்சிகா ஏறி நின்று பெருவிரலை மட்டும் அசைத்துப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள். பிறகு, "அம்மா, நீங்களும் நிண்டு பாருங்கோ, உங்கட காலுக்காகத்தானே இவ்வளவும்" என்று என்னை ஏற்றிவிட்டார்கள். என் காலுக்காகத்தான் இவ்வளவுமாம். ஒஸ்லோவுக்கு வெளியே ஒரு சரிவில் எழும்புகிற அந்த வீடு, அதன் மேல்மாடி, நடுமாடி, கார் விடுகிற இடம், எல்லாம் என்னுடைய இரண்டு காலுக்காக. சரி, ஒத்துக்கொள்கிறேன். கண்ணை மட்டும் நான் மூடவில்லை. இந்த வயதில் நான் கண்ணை மூடிக்கொண்டு நின்றால் பார்க்கிறவர்களுக்கு வேறு எண்ணம் வரும்.

அடுத்த கிழமை கொங்கிரீட் ஊற்றப் போகிறார்கள். அதற்கு முதல் பைப்பா வயரா என்று சொல்லிவிட வேண்டும். ஊற்றினால் ஊற்றினதுதான், பிறகு ஐயோ என்றாலும் கொத்தித்தான் எடுக்க வேண்டும். மேல் இரண்டு மாடிக்கும் தண்ணீர் என்று அவர்கள் எப்போதோ முடிவுகட்டிவிட்டார்கள். மிச்சம் இருப்பது கீழ்வீடு. சரிவில் கட்டுகிற வீடு என்பதால் கீழே பாதி மண்ணுக்குள், பாதி வெளியே. தனி வாசல், தனிக் குசினி, தனிக் குளியலறை, ஒரு படுக்கையறை. அது எனக்கு. பாதி மண்ணுக்குள் இருந்து இப்போதே பழகிக்கொள்வது நல்லதுதான் என்று நான் ஒருநாள் சொன்னேன். தர்சிகா சிரிக்கவில்லை. நிரோஜன் "அம்மா" என்று இழுத்தான். எனக்கு வீடு இல்லாமல் இல்லை. நாலாம் மாடியில் பால்கனியோடு, என் மனுசனும் நானும் உழைத்து வாங்கின வீடு இருக்கிறது. நாளைக்கு அதை விற்றுத் தருகிறவன் படம் எடுக்க வருகிறான். சாமிப்படங்களையும் அவருடைய படத்தையும் எடுத்து ஒளித்து வையுங்கள் என்று போனில் சொன்னான். வாங்க வருகிறவர்கள் தங்களை அந்த வீட்டுக்குள் வைத்துக் கற்பனை செய்ய வேண்டுமாம். என்னை வைத்துக் கற்பனை செய்தால் விலை விழுந்துவிடும் போல. இன்னும் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை, ஆனால் ஓம் என்று சொல்லிவிட்டேன். ஏன் ஓம் என்றேன் என்று எனக்குத் தெரியும். அதை இப்போது நினைக்க வேண்டாம். இப்போது கால், கால் மட்டும். இடதா வலதா.

ஆர்னே நல்ல பொடியன்தான். எதை விற்றால் தனக்கு லாபம் என்று பார்க்காமல் எது யாருக்குப் பொருத்தம் என்றுதான் கதைத்தான். தண்ணீர் மெதுவாகத்தான் சுடும், ஆனால் சுட்டது சுட்டபடி நிற்கும், போடுகிறபோது வேலை கூட, பம்பு வேண்டும், அதற்கொரு பெட்டி வேண்டும், பட்ட பாட்டுக்குப் பலன் தெரிய வருஷக்கணக்காகும், அதனால் நிலைத்து இருக்கப் போகிறவர்களுக்கு அது. கரண்ட் என்றால் வயரைப் போட்டு மூடிவிடலாம், தட்டினால் சுடும், தட்டினால் ஆறும், கொஞ்சக் காலம் பாவிக்கிற இடத்துக்கு அது போதும். இப்படிச் சொல்லிவிட்டு அவன், கீழ்ப்பகுதியை இப்படியே எவ்வளவு காலம் பாவிக்கப் போகிறீர்கள் என்று கேட்டான். இப்படியே என்றால், நான் இருக்கிறபடியே. நிரோஜன் தர்சிகாவைப் பார்த்தான். தர்சிகா சுவரில் தொங்கின ஓட்டு மாதிரிகளைப் பார்த்தாள். "ஐந்தாறு வருஷம்" என்றான் நிரோஜன், நோர்வே மொழியில். கொஞ்சம் யோசித்து, "கூடினால் பத்து" என்றான். குரலைத் தாழ்த்தவில்லை. தாழ்த்தியிருந்தால்கூட எனக்கு அதில் ஒரு மரியாதை இருந்திருக்கும். எனக்கு அந்த மொழி விளங்கும் என்று அவனுக்குத் தெரியும், பக்கத்தில்தான் நிற்கிறேன் என்றும் தெரியும், ஆனாலும் கடையில் பால் பெட்டியைத் திருப்பித் திகதி பார்க்கிற மாதிரி பார்த்துச் சொல்லிவிட்டான். அப்படியென்றால் கீழே கரண்ட் என்று ஆர்னே எழுதப் போனான். பொறு, எதற்கும் அம்மாவும் ஏறி நின்று பார்க்கட்டும் என்று தடுத்ததும் நிரோஜன்தான். அவன் நல்ல பிள்ளை. அதுதான் நான் இங்கே நிற்கிறேன்.

கூடினால் பத்து. எப்படிக் கணக்குப் பார்த்திருப்பான். என் அம்மா போன வயதையும் அவனுடைய அப்பா போன வயதையும் கூட்டிப் பாதியாக்கியிருப்பானோ. அவன் பாலங்களுக்குக் கணக்குப் பார்க்கிற எஞ்சினியர், எது எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்வதுதான் அவன் சாப்பாடு. ஒரு பாலத்துக்கு நூறு வருஷம் கொடுப்பான். மழை, பனி, உப்பு, மேலே ஓடுகிற லொறி எல்லாம் பார்த்துத்தான் கொடுப்பான். எனக்கு என்ன பார்த்தான். எனக்குச் சீனி வருத்தம் இல்லை. பிரஷருக்கு ஒரு குளிசை, அதுவும் அரைக் குளிசை. முழங்கால் சத்தம் போடும், ஆனால் ஏறும். முன்பு மீன் தொழிற்சாலையில் என்னோடு மீன் வெட்டின கெர்ட் தொண்ணூறு தாண்டியும் தன் வாசற்படிப் பனியைத் தானே வழித்துத் தள்ளுகிறாள், அவளிடம் போய் யாராவது ஐந்தாறு என்று சொல்லட்டும் பார்ப்போம். பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல்லாக இருந்தால் எனக்குச் சுகம். கல்லை உதைக்கலாம், நாலு வார்த்தை ஏசலாம். இவன் கிழமைக்கு ஒருநாள் தவறாமல் வந்து என்னுடைய பல்பை மாற்றி, குப்பையை இறக்கி, சாப்பிட்டீங்களா அம்மா என்று கேட்டுவிட்டுப் போகிறவன். எங்கே பிடித்து இவனோடு சண்டை போடுவது. ஐந்தாறு என்றதை நான் மன்னித்துவிடுவேன். கொஞ்சம் யோசித்தானே, அந்த யோசனையைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. யோசித்து, தாராளமாக, கூட ஒரு நாலைந்து வருஷம் போட்டுத் தந்தான்.

இந்த வீட்டில் எதையும் யோசிக்காமல் செய்தார்கள் என்று ஒருத்தரும் சொல்ல முடியாது. சாமியறைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க யோசித்தார்கள். தர்சிகாவின் அப்பா கனடாவிலிருந்து ஒரு வாஸ்துக்காரரைப் பிடித்து வீட்டுப் படத்தைக் காட்டியிருக்கிறார். "சாமியறைக்குக் கீழ தண்ணி ஓடக் கூடாதாம் மாமி. வீட்டு லட்சுமி அதோட ஓடிப் போயிடுமாம்" என்றாள் தர்சிகா. சரி, அந்த ஒரு அறைக்கு மட்டும் கரண்ட் போடுவோம் என்றான் நிரோஜன். போன் திரும்பக் கனடாவுக்குப் போனது. கரண்ட் நெருப்பாம். சாமியறை இருப்பது ஈசான மூலை, ஈசான மூலைக்குக் கீழே நெருப்பு மூட்டினால் குடும்பத்துக்கே ஆகாதாம். அப்படியானால் சாமியறையைத் தென்கிழக்குக்கு மாற்றுவோமா என்றால் அங்கே குளியலறை வந்துவிட்டது. பின்னேரம் வரை போனில் நெருப்பும் தண்ணீரும் அடிபட்டு, கடைசியில் ஒன்றுமே வேண்டாம், சாமியறைக்கு மட்டும் சூடு இல்லை, பலகை அடித்துக் கம்பளம் விரிப்போம் என்று தீர்ந்தது. இவ்வளவு பனி நாட்டில் வீடு முழுக்கச் சுட, பிள்ளையார் மட்டும் குளிரில் இருக்க வேண்டும். "நான் அவருக்கு சொக்ஸ் பின்னிக் குடுக்கிறன்" என்றேன். அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம், நானும் வயிறு நோகச் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பு எனக்குக் கசக்கிறது. பிள்ளையாருக்குக் கீழே எது ஓடலாம் எது ஓடக் கூடாது என்று அத்தனை கேள்வி கேட்டவர்கள், தாய்க்குக் கீழே எது ஓடலாம் என்று அந்த வாஸ்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போன் கையில்தானே இருந்தது.

காலுக்குக் கீழே சுடுகிற நிலத்தை நான் முதன்முதல் கண்டது இந்த நாட்டின் வடக்கே, பின்மார்க்கில், ஒரு மீன் ஊரில். கல்யாணம் முடித்து என் மனுசன் தில்லையம்பலத்தோடு வந்திறங்கினது சூரியன் எட்டிப் பார்க்காத பனி மாரிகாலம். மீன் தொழிற்சாலையில் அவருக்கும் வேலை, எனக்கும் வேலை. வெட்டுமேசைக்கு முன்னால் நாள் முழுக்க நிற்க வேண்டும், நிலம் ஈரக் கொங்கிரீட், அதன் மேல் ஐஸ் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், பூட்ஸுக்குள் இரண்டு சோடி சொக்ஸ் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கும். தந்த வீட்டில் அறைக்கு அறை சுவரில் ஹீட்டர் இருந்தது. வெள்ளைக்காரன் கட்டிலில் படுக்கிறவன், அவனுக்குச் சுவர் சுட்டால் போதும். நாங்கள் நிலத்தில் பாய் விரித்துப் படுக்கிற ஆட்கள். பாய்க்கு மேல் போர்வை, போர்வைக்கு மேல் அவருடைய கோட்டு, என்னுடைய கூறைச்சேலை பொதிந்து வந்த துணி எல்லாம் விரித்தும் குளிர் முதுகில் ஏறியது. ஒருநாள் விடியக் குளியலறைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் வெறுநிலத்தில் சுவரோடு சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு இருக்கிறார். "இஞ்ச வாரும், இஞ்ச நிலம் சுடுது" என்றார். அன்றைக்கே பாய் குளியலறைக்குள் போய்விட்டது. தலை கதவுப் பக்கம், கால் கக்கூஸ் பக்கம். அந்த மாரி முழுக்க அங்கேதான் படுத்தோம். "ஊரில கேட்டா, கக்கூசுக்குள்ள குடும்பம் நடத்தினவை எண்டு சொல்லுவினம். வாயைத் திறந்திடாதையும்" என்று இருட்டில் சிரிப்பார். அதைவிட நன்றாக நான் வேறெங்கும் நித்திரை கொண்டதில்லை. நிரோஜன் பிறந்து வயிற்றுக் குத்தில் விடாமல் அழுகிற நேரங்களில், துவாயை விரித்து அந்த நிலத்தில் கிடத்தினால் வாயை மூடிக்கொண்டு தூங்கிவிடுவான். இப்போது பைப்பா வயரா என்று சட்டம் கதைக்கிற எஞ்சினியர் வயர்ச் சூட்டில் வளர்ந்த பிள்ளை. அவனுக்கு அது தெரியாது. சொன்னால் தர்சிகாவின் முகம் போகிற போக்கை நான் பார்க்க வேண்டிவரும்.

இவ்வளவோடு நின்றிருந்தால் வலது காலுக்குச் சரி சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன். வலது கால்தான் கூடச் சுடுகிறது, விடாப்பிடியாகச் சுடுகிறது. இந்தச் சூடு எனக்குத் தெரியும், என் முழங்காலுக்குத் தெரியும். அன்றைக்கு முழங்காலில் இருந்துதான், வேண்டாம், ஆர்னே ஏதோ சொல்கிறான், தண்ணீர் ஓடுகிற சத்தம் மேலே கேட்காதாம், நிரோஜன் எதையோ அளந்து காட்டுகிறான். நாலாம் மாடி வீட்டுக் கதவு பூட்டியிருக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்துத் துப்புரவு வேலை முடித்துப் பின்னேரம் வந்து, "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டுக்கொண்டே கோட்டைக் கழற்றினேன். குளியலறையில் லைட் எரிந்தது. ஒரு பக்கமாகச் சரிந்து, நித்திரை கொள்கிற மாதிரித்தான் கிடந்தார். கையைத் தொட்டேன், சுட்டது. முதுகைத் தொட்டேன், சுட்டது. உடம்பு சுடுகிறது என்றால் ஆள் இருக்கிறார் என்றுதானே அர்த்தம். அவசரத்துக்குப் போன் அடித்து, சூடாக இருக்கிறார், சூடாகத்தான் இருக்கிறார் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நெஞ்சை அமத்தச் சொன்னார்கள். அமத்தினேன். அமத்திக்கொண்டே ஏசினேன், ஒரு வார்த்தை சொல்லாமல் இப்பிடி விழுந்து கிடக்கிறியளே, ஆஸ்பத்திரிக்குப் போய்க் கதைக்கிறன் உங்களோட என்று ஏசினேன். வந்தவர்களில் ஒரு பெண்பிள்ளை, தலையை இறுக்கிக் கட்டினவள், முழங்காலில் இருந்து முதலில் அவரைத் தொட்டாள். பிறகு பக்கத்தில் நிலத்தைத் தொட்டாள். தொட்டுவிட்டுக் கூட வந்தவனைப் பார்த்தாள். எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த பொத்தானை அழுத்தி நிலத்தின் சூட்டை நிறுத்தினாள், வந்து என் இரண்டு கையையும் பிடித்து அவருடைய நெஞ்சிலிருந்து எடுத்துவிட்டாள். நான் வேலைக்குப் போன கையோடு, காலையிலேயே போயிருக்கிறார். நாள் முழுக்க அந்த நிலம் அவரைச் சூடாக வைத்திருந்து எனக்குப் பொய் சொன்னது. அதற்குப் பிறகு அந்தப் பொத்தானில் நான் கை வைத்ததில்லை. நிரோஜன் வருகிற நேரமெல்லாம் குளியலறையிலிருந்து துள்ளிக்கொண்டு வருவான். "ஐஸ் மாதிரிக் கிடக்கு அம்மா, இந்தக் கரண்ட் காசுக்கு இப்பிடிப் பாக்கிறியள்" என்பான். கஞ்சப்பிசினாறி என்றே இருந்துவிட்டுப் போகிறேன். அப்போது அவன் படித்த இடத்திலிருந்து மறுநாள் வந்து பார்த்த அப்பா குளிர்ந்த அப்பா. சுட்ட அப்பாவை நான் மட்டும்தான் பார்த்தேன்.

அதனால்தான் வீட்டை விற்க ஓம் என்றேன். இப்போது நினைத்தாயிற்று, முழுக்க நினைத்துவிடுவோம். நான் குளிக்கப் போகும்போது போனைப் பொலித்தீன் பைக்குள் சுற்றி எடுத்துப் போகிறவள். குளியலறைக் கதவைச் சாத்துவதில்லை, யாருமே இல்லாத வீட்டில் கதவைத் திறந்து வைத்துக் குளிக்கிறேன். விழுந்தால் எவ்வளவு நேரம் கிடப்பேன். நேரமா, நாளா. பக்கத்து வீட்டுக்காரி மாதத்தில் பாதி நாள் மகள் வீட்டில். நிரோஜன் வருவது சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை விழுந்தால் என்ன செய்வது. இந்தப் பயம் இரவில் மட்டும் வருவதில்லை, பட்டப்பகலில், சோற்றுக்கு அரிசி கழுவும்போது வரும். அதனால்தான் கீழ்வீடு என்றதும், பாதி மண்ணுக்குள் என்றாலும் பரவாயில்லை, தலைக்கு மேலே ஆள் நடமாடுகிற சத்தம் கேட்கும், அவர்கள் கிண்ணத்தைப் போட்டு உடைப்பார்கள், கதவைச் சாத்துவார்கள், என் சத்தம் கேட்கவில்லை என்றால் ஒருநாள் போக இறங்கி வந்து பார்ப்பார்கள் என்று நினைத்தேன். அது ஒரு பெரிய ஆசையா. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள், எனக்கு அது நிசமாகவே நடக்கப் போகிறது. அவர்களுடைய நிலத்துப் பைப்பெல்லாம் என் கூரைக்குள்தானே ஓடும். மேலே தண்ணீர், நிலைத்து இருக்கிறவர்களுக்கு. கீழே வயர், கூடினால் பத்துக்கு. நான் ஒருநாள் சத்தம் போடாமல் இருந்தால் இறங்கி வருவார்கள், கட்டாயம் வருவார்கள். ஆனால் படியில் இறங்கும்போதே மனதுக்குள் ஒரு கணக்கு இறங்கும், ஆறா, ஏழா, எட்டா. பதினோராவது வருஷம் நான் விடியக் காலையில் எழும்பித் தேத்தண்ணி வைத்தால் அந்தச் சத்தத்தை அவர்கள் எந்த முகத்தோடு கேட்பார்கள். சந்தோஷப்படுவார்கள். நிச்சயம் சந்தோஷப்படுவார்கள். கொஞ்சம் ஆச்சரியமும் படுவார்கள். அந்த ஆச்சரியத்துக்குக் கீழே நான் படுத்து எழும்ப வேண்டும்.

"அம்மா, கனநேரமா நிக்கிறியள். கால் நோகப் போகுது" என்றான் நிரோஜன். "என்ன, கீழுக்குக் கரண்ட் காணும்தானே?"

"தண்ணி" என்றேன்.

"மேல தண்ணிதானம்மா. கீழைக் கேக்கிறன்."

"கீழயும் தண்ணி."

அவன் தர்சிகாவைப் பார்த்தான். அவள் இந்த முறை ஓட்டு மாதிரிகளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "மாமிக்கு அதுதான் விருப்பமெண்டால் போடுவம்" என்றாள் மெதுவாக. ஏன் என்று கேட்பான், கேட்டால் என்ன சொல்வது, அந்தப் பொத்தானைப் பற்றிச் சொல்வதா, நான் இருக்கப் போகிறவள் என்று சொல்வதா என்று நான் வார்த்தை தேடினேன். அவன் கேட்கவில்லை. கண்ணைச் சுருக்கி மனதுக்குள் ஏதோ கூட்டிக் கழித்தான், முகம் தெளிந்தது, சின்ன வயதில் கணக்கு விடை சரிவந்தால் தெளிகிற அதே முகம். நான் வென்றுவிட்டேன் என்று எனக்குப் பெரிய சந்தோஷம் வந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த முகத்தைப் பார்த்து நெஞ்சு நிறைந்துபோனது. எனக்கும் நிலைத்து இருக்கிறவர்களுடைய சூடு கிடைத்துவிட்டது. அவன் என் தோளில் கையை வைத்தான்.

"நல்லதுதானம்மா. எனக்கு முதலே ஓடேல்லை. தண்ணிச் சூடெண்டால் பிறகு வாடகைக்குக் குடுக்கேக்க கெதியா ஆள் வரும்."

அன்பாகத்தான் சொன்னான். கை இன்னும் என் தோளில்தான் இருந்தது, அந்தக் கையும் சூடாகத்தான் இருந்தது. பிறகு என்று சொன்னான். என்ன பிறகு என்று அவனும் யோசிக்கவில்லை, ஆர்னேயும் யோசிக்கவில்லை, தர்சிகா மட்டும் சட்டென்று அவன் கையைச் சுண்டினாள், அவன் என்ன என்பதுபோல அவளைப் பார்த்தான். நான் சதுரத்தை விட்டு இறங்கினேன். கடையின் வெறும் நிலம் குளிர்ந்தது. சுவரோரம் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்து சொக்ஸைத் தேடினேன். ஒரு சொக்ஸ் கிடைத்தது, மற்றது வாங்குக்குக் கீழே போயிருந்தது. ஏச வேண்டும் என்று இல்லை, அழ வேண்டும் என்றும் இல்லை. போனைச் சுற்றுகிற பொலித்தீன் பைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. அது கிழிந்துவிட்டது, புதிதாக ஒன்று எடுத்து வைக்க வேண்டும்.

"அப்ப இப்பவே குடு, தம்பி" என்றேன்.

"என்னத்தையம்மா?"

"கீழ்வீட்டை. பிறகு என்னத்துக்கு, இப்பவே வாடகைக்குக் குடு. நான் என்ர வீட்டில இருக்கிறன். நாளைக்குப் படம் எடுக்க வாறவனை வரவேண்டாமெண்டு சொல்லிவிடு."

அவன் சிரித்தான். அம்மா பகிடி விடுகிறா என்று ஆர்னேக்கு நோர்வே மொழியில் சொன்னான். ஆர்னேயும் மரியாதைக்குச் சிரித்தான். நான் நிமிர்ந்து ஆர்னேயைப் பார்த்து, அவனுடைய மொழியிலேயே, பகிடி இல்லை, கீழே தண்ணீர் என்றே எழுதிக்கொள், யார் வந்து இருந்தாலும் அவர்களுக்கும் கால் இருக்கும் என்றேன். ஆர்னே சிரிப்பை நிறுத்திவிட்டு நிரோஜனைப் பார்த்தான். நிரோஜன் முகத்தில் ஒன்றும் விளங்காத ஒரு திகைப்பு. தான் என்ன சொன்னோம் என்று அவன் பின்னால் போய்த் தேடிக்கொண்டிருந்தான். தேடட்டும். கண்டுபிடித்தால் இன்றிரவு அவனுக்கு நித்திரை வராது, கண்டுபிடிக்காவிட்டால் எனக்கு வராது.

தர்சிகா வந்து என் முன்னால் குந்தினாள். கண் கலங்கியிருந்தது. வாங்குக்குக் கீழே கிடந்த சொக்ஸை எடுத்து, என் காலைப் பிடித்துப் போட்டுவிடப் பார்த்தாள்.

"விடு பிள்ளை" என்று வாங்கிக்கொண்டேன். "எனக்கு இன்னும் குனிய ஏலும்."